வீட்டில் வறுக்கப் பச்சைக் காப்பிக்கொட்டை: பீபெரியா, பிளான்டேஷன் ஏ-வா? எதைப் பார்த்து வாங்குவது?

உறையூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை காலமும் கடையில் வறுத்து அரைத்துத் தரும் தூள்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது கையால் சுற்றி வறுக்கும் உருளை ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. கேஸ் அடுப்பின் மேல் வைத்துச் சுற்ற வேண்டும், அரைக் கிலோ கொள்ளும். உருளை வந்துவிட்டது, கொட்டை வாங்குவதில்தான் குழப்பம்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் பிளான்டேஷன் ஏ என்றார். இன்னொருவர் பீபெரி, அது ஏ-வை விடக் கூடுதல் விலை. மூன்றாமவர் மைசூர் நக்கெட்ஸ் எக்ஸ்ட்ரா போல்ட் என்று ஏதோ சொன்னார், அதன் விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். மூன்றுமே சிக்மகளூர்ச் சரக்கு என்கிறார்கள். சாம்பிள் அனுப்பச் சொன்னால் அனுப்புவார்களாம்.

எங்கள் வீட்டில் டிகாஷன் காப்பிதான். பால் உண்டு, சிக்கரி கொஞ்சம் உண்டு. என் மாமியாருக்குக் கசப்பு தூக்கலாக இருந்தால்தான் அது காப்பி. விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பலாமா? சாம்பிள் வந்தால் அதில் என்னதான் பார்க்க வேண்டும்? எனக்கு எல்லாம் பச்சையாக, ஒரே மாதிரித்தான் தெரிகிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

---

டிகாஷன் தாசன்:

கண்ணை மூடிக்கொண்டு பீபெரி வாங்குங்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அதுதான். மற்றதெல்லாம் ஓட்டலுக்கு.

---

குத்தூசி:

கண்ணை மூடிக்கொண்டு மட்டும் வாங்க வேண்டாம் அம்மா. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்குகிற பொருள் இது.

நான் பட்டிவீரன்பட்டியில் ஒரு கியூரிங் ஒர்க்ஸில், அதாவது காய்ந்த காப்பியின் தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலையில், ரொம்ப வருடம் வேலை பார்த்தவன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலைக் காப்பியெல்லாம் மூட்டையாக இறங்கும் ஊர் அது. தோட்டத்துச் சரக்கைக் காப்பி போர்டே வாங்கி விற்ற பூல் முறை தொண்ணூறுகளின் நடுவில் போகும்வரை போர்டு சரக்கு பார்த்தோம், அப்புறம் வியாபாரிகளின் சரக்கு. சாம்பிள் எடுப்பதும் தரம் பிரிப்பதும்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெயர்கள். ஏஏ, ஏ, பி, சி எல்லாம் சல்லடைக் கண்ணின் அளவு, அவ்வளவுதான். ஏஏ என்றால் 7.1 மில்லிமீட்டர் கண்ணில் தங்குவது. ஏ என்றால் 6.65, பி என்றால் 6, சி என்றால் 5.5. கொட்டை எவ்வளவு பெரிது என்று சல்லடை சொல்லும். பழமாகப் பறித்ததா காயாகப் பறித்ததா, ஒழுங்காகக் காய்ந்ததா, போன வருடத்துச் சரக்கா என்று சல்லடைக்குத் தெரியாது. நல்ல தோட்டத்து பி, சுமாரான தோட்டத்து ஏஏ-வை டம்ளரில் தோற்கடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிளான்டேஷன் என்று முன்னால் போட்டால் அது பழத்தைச் சதை நீக்கி, புளிக்கவைத்துக் கழுவி, மேல்தோலோடு காயவைத்த அராபிகா. பழத்தை அப்படியே களத்தில் காயவைத்தால் அராபிகா செர்ரி. காப்பியின் இன்னொரு இனமான ரொபஸ்டாவிலும் இப்படி இரண்டு வகை உண்டு: கழுவினது பார்ச்மென்ட், கழுவாதது செர்ரி. விலை கேட்கும்போது இதைக் கேளுங்கள். வெறும் 'ஏ கிரேடு' என்று சொல்லிச் செர்ரியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

தாசன் தம்பி சொன்ன பீபெரி. ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு விதை, ஒன்றுக்கொன்று முகம் பார்த்துத் தட்டையாக இருக்கும். ஒன்று வளராமல் போனால் மற்றது தனியாக உருண்டு திரண்டுவிடும், அதுதான் பீபெரி. எந்தச் செடியிலும் விழும், மகசூலில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை. நல்ல தோட்டத்திலும் விழும், மோசமான தோட்டத்திலும் விழும். அதனால் பீபெரி என்ற பெயர் மட்டும் ருசிக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் உங்களைப் போலக் கையால் உருளை சுற்றுகிறவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. உருண்டையாக இருப்பதால் ஓரிடத்தில் படுக்காமல் உருண்டுகொண்டே இருக்கும், சூடு சீராக ஏறும். அந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மைசூர் நக்கெட்ஸ் எக்ஸ்ட்ரா போல்ட் என்பது 7.5 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கழுவின அராபிகா. உண்மையான நக்கெட்ஸ் என்றால் பார்க்கவே அழகாக இருக்கும், நீலப் பச்சையில் ஒரே சீராக. ஆனால் பாலும் சிக்கரியும் சேர்த்துக் குடிக்கிற வீட்டுக்கு அது வீண் செலவு. அதில் இருக்கிற நுணுக்கமெல்லாம் பாலுக்கு அடியில் போய்விடும். போனை வைத்தது சரிதான்.

இப்போது சாம்பிள். கால் கிலோவாவது கேளுங்கள். அதில் நூறு கிராம் நிறுத்து ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். ட்யூப்லைட்டில் பார்த்தால் எல்லாக் கொட்டையும் நல்ல கொட்டைதான்.

மூக்கை முதலில் வையுங்கள். பையைப் பிரித்த உடனே, கண்ணால் பார்க்கும் முன்னால். கழுவின அராபிகாவுக்குக் காய்ந்த புல் வாசம், கொஞ்சம் பச்சைப் பட்டாணி வாசம் இருக்கும். செர்ரிக்கு அதோடு காய்ந்த பழத்தின் வாசம் லேசாகச் சேரும். பூசணம், நனைந்த சாக்கு, மண்ணெண்ணெய் இவற்றில் எது வந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எந்த வறுவலும் அதைச் சரிசெய்யாது. காப்பிக்கொட்டை பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் ஏலக்காய் வியாபாரமும் உண்டு. ஏலக்காய் இருந்த கிடங்கில் காப்பி மூட்டை அடுக்கிவிட்டால் வறுத்த பிறகும் வாசம் வரும். ஏலக்காய் வாசம்தானே, நல்லதுதானே என்று ஒரு வியாபாரி என்னிடமே வாதாடியிருக்கிறார்.

அடுத்து நிறம். கழுவின அராபிகா சாம்பல் பச்சை அல்லது நீலப் பச்சை. செர்ரி மஞ்சள் கலந்த பழுப்பு, அது குறையல்ல. தட்டில் இருப்பது எந்த நிறமாக இருந்தாலும் ஒரே சீராக இருக்க வேண்டும். பாதி பச்சை, பாதி வெளுப்பு என்றால் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது அல்லது சீராகக் காயவில்லை. கழுவின கொட்டை ஓரம் வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் பழைய சரக்கு.

அதற்கப்புறம் பொறுக்குங்கள். ஆலையில் பெண்கள் முறத்தோடு வரிசையாக உட்கார்ந்து இதைத்தான் நாள் முழுக்கச் செய்வார்கள். சல்லடையும், காற்றில் லேசான கொட்டையைப் பறக்கவிடும் கேட்டடார் இயந்திரமும் தள்ளாததை அவர்கள் விரல் தள்ளும். இப்போது நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வந்துவிட்டது, இருந்தாலும் சின்ன வியாபாரியின் சரக்கு எல்லாம் அதில் ஏறி இறங்கியது என்று நினைக்காதீர்கள். கறுப்பாக இருப்பதை எடுங்கள். உடைசல், சிப்பி மாதிரிக் குழிந்தது, சதை நீக்கும் இயந்திரத்தில் வெட்டுப்பட்டு ஓரம் கறுத்தது, எல்லாம் தனியே. ஊசி குத்தினது போல ஓட்டை இருந்தால் அது காய்த்துளைப்பான் வண்டு. 1990-இல் கூடலூர்ப் பக்கம் முதலில் பிடிபட்டது, அப்புறம் எல்லா மலைக்கும் போய்விட்டது. ஓர் ஓட்டை இருப்பது பெரிய விஷயமில்லை. மூன்று நான்கு ஓட்டை, உள்ளே கறுப்பு என்றால் தள்ளிவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நான் உண்மையில் பயப்படுவேன். தொட்டியில் அளவுக்கு மீறிப் புளித்த கொட்டை. வெளியே பார்த்தால் கொஞ்சம் மங்கல், மெழுகு பூசினது போல லேசான பழுப்பு, அவ்வளவுதான் தெரியும். சந்தேகம் வந்தால் நகவெட்டியாலோ பாக்குவெட்டியாலோ இரண்டாக உடைத்து மூக்கருகில் கொண்டுபோங்கள். அழுகல் நாற்றம் வந்தால் அதுதான். கறுப்புக் கொட்டை பத்து இருந்தால் காப்பி கொஞ்சம் மட்டமாகும். இது ஒன்று விழுந்தால் அன்றைய டிகாஷன் முழுக்கப் போச்சு.

பொறுக்கினதை நிறுத்துப் பாருங்கள். நூறு கிராமில் மூன்று கிராம் வரை நான் கண்டுகொள்ள மாட்டேன். ஐந்தைத் தாண்டினால் விலை பேசுவேன். எட்டு வந்தால் அந்த ஆள் போனை எடுக்க மாட்டேன்.

கடைசியாகப் பல். ஒரு கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடியுங்கள். நன்றாகக் காய்ந்தது கல் மாதிரி இருக்கும், பல் பதியாது. பல் தடம் அழுந்த விழுந்தால் ஈரம் இருக்கிறது. கழுவின அராபிகாவில் ஈரம் பத்து சதவீதம் ஒட்டி இருக்க வேண்டும், ரொபஸ்டா செர்ரியில் பதினொன்று வரை. ஈரச் சரக்குக்கு நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள், அது சீக்கிரம் பூசணமும் பிடிக்கும்.

---

ஜெயநகர் பில்டர்:

குத்தூசி ஐயா சொன்னது எல்லாம் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

எந்த அறுவடை என்று கட்டாயம் கேளுங்கள். அராபிகா பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. காய்ந்து, ஆலைக்குப் போய், தோல் நீக்கிக் கைக்கு வர பிப்ரவரி, மார்ச் ஆகும். அக்டோபரில் ஒருவர் புதுச் சரக்கு என்று விற்றால் அது எட்டு மாதமாவது ஆனது. கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, புதுச் சரக்கு விலை கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம்.

இரண்டாவது, சிக்மகளூர் என்பது ஒரு மாவட்டம். அதில் எந்தத் தோட்டம், என்ன ரகம் என்று கேளுங்கள். எஸ் 795 என்றால் பழைய நம்பிக்கையான அராபிகா, அடர்த்தியும் மணமும் சேர்ந்து வரும். சந்திரகிரி, காவேரி என்று மற்ற ரகங்களும் உண்டு. பதில் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்குவதில்லை.

அப்புறம், இவ்வளவு சிரமப்பட்டு வறுக்கிறீர்கள், அதில் சிக்கரியைப் போடாதீர்கள். ரொபஸ்டாவும் வேண்டாம். தனி அராபிகா குடித்துப் பாருங்கள்.

---

குத்தூசி:

அறுவடைக் கணக்கு சரி தம்பி. அந்த மாமியார் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கசப்பு தூக்கலாக வேண்டும் என்கிறவருக்குத் தனி அராபிகாவைக் கொடுத்தால், அதைக் கசக்க வைக்கத் தீய வறுப்பார்கள். அது கரிக் கசப்பு. ரொபஸ்டாவின் கசப்பு வேறு, அது அடர்த்தியோடு வரும், பாலை எதிர்த்து நிற்கும். கழுவின ரொபஸ்டா, அதாவது ரொபஸ்டா பார்ச்மென்ட் ஏபி (ஏ, பி அளவு சேர்ந்தது) அல்லது பீபெரி, நாலில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். குடகு, வயநாடு இரண்டிலும் நல்ல ரொபஸ்டா உண்டு. ரொபஸ்டா என்றாலே மட்டம் என்பது கழுவாத, காயும் பழமுமாக உருவின சரக்கைக் குடித்தவர்கள் சொல்கிற பேச்சு. அதுபோகச் சிக்கரி அவரவர் வீட்டுச் சமாச்சாரம். தூள் பாக்கெட்டில் 49 சதவீதம் வரை சிக்கரி போடச் சட்டமே இடம் கொடுக்கிறது, இவர்கள் வீட்டில் கொஞ்சம் போட்டால் என்ன கெட்டுவிடும்?

ஒன்று மட்டும்: இரண்டையும் சேர்த்து வறுக்காதீர்கள். ரொபஸ்டாவுக்கும் அராபிகாவுக்கும் சூடு ஏறும் வேகம் வேறு. பீபெரியையும் தட்டைக் கொட்டையையும் சேர்ப்பதும் அப்படியே. தனித்தனியாக வறுத்து, ஆறினதும் கலந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகக் காய்ந்த பச்சைக்கொட்டை ஒரு வருடம் தாங்கும். அது மலைக் கணக்கு. திருச்சி வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் நாலைந்து மாதத்தில் நிறம் மங்கிவிடும். முதலில் இரண்டு கிலோ வாங்குங்கள், பிடித்த பிறகு ஐந்து. சாக்கிலேயே வைக்காமல் கெட்டியான பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, தரையில் படாமல், மசாலா டப்பா பக்கத்தில் இல்லாமல், இருட்டான இடத்தில் வையுங்கள். பிரிட்ஜில் வேண்டாம். வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும்.

---

உறையூர்க்காரி:

ஐயாவுக்கு ரொம்ப நன்றி. இரண்டு சாம்பிள் வந்தது. நீங்கள் சொன்னபடியே ஜன்னல் ஓரம் வெள்ளைத் தட்டில் பரப்பினேன். மாமியாரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைவிட வேகமாகப் பொறுக்குகிறார்.

பீபெரியில் தள்ளினது இரண்டு கிராம் கூட இல்லை. நிறம் சீராக இருந்தது, புல் வாசம்தான். பிளான்டேஷன் ஏ-யில் நாலு கிராம் வந்தது, பெரும்பாலும் உடைசல், வண்டு ஓட்டை. நாற்றம் எதுவும் இல்லை. சில கொட்டைகளின் மேல் சிவப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருந்தது, அதைத் தள்ளுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இரண்டையும் கொஞ்சம் வறுத்தும் பார்த்தேன். பீபெரி அழகாக வந்தது. ஏ-யில் மற்றதெல்லாம் காப்பி நிறத்துக்கு வந்த பிறகும் அங்கங்கே சில கொட்டைகள் வறுத்த நிலக்கடலை நிறத்திலேயே நின்றுவிட்டன. இன்னும் வறுத்தால் மற்றது கருகிவிடும் போல இருந்தது, இறக்கிவிட்டேன். நான் சுற்றினது போதவில்லையா, கொட்டையில் கோளாறா?

---

குத்தூசி:

சுற்றினதில் தப்பில்லை அம்மா. நிலக்கடலை நிறத்தில் நின்றது பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டை. பழத்தில்தான் சர்க்கரை சேரும். காயில் அது சேரவில்லை, அதனால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் நிறம் ஏறாது. ஒன்றை வாயில் போட்டு மென்று பாருங்கள், காகிதம் மென்றது போல இருக்கும். பச்சையில் இதைக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கஷ்டம். சவ்வு இறுக்கி ஒட்டிக்கொண்டு, கொட்டை கொஞ்சம் சுருங்கிச் சின்னதாக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். அதனால்தான் சாம்பிளைக் கட்டாயம் வறுத்துப் பார்க்கச் சொல்வது.

இது ஏன் வருகிறது என்றால், மலையில் பறிக்க ஆள் இல்லை. பழுத்ததை மட்டும் பறித்துவிட்டு, மறுபடி மறுபடி அதே செடிக்கு வருவதுதான் முறை. ஆள் கிடைக்காதபோது ஒரே தடவையில் கிளையை உருவிவிடுகிறார்கள். காயும் பழமும் ஒரே கூடைக்குள் விழுகிறது. தோட்டக்காரரைக் குறை சொல்லி என்ன செய்வது, கூலியும் அப்படி, விலையும் அப்படி. ஆனால் அந்தச் சரக்குக்கு நல்ல பறிப்பின் விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

வறுத்த கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் பொறுக்கி எறிந்துவிட்டுக் குடிக்கலாம். ஐந்தாறு என்றால் வேண்டாம்.

சிவப்புச் சவ்வு வேறு விஷயம். பழம் மீறிப் பழுத்திருந்தாலோ, பறித்த அன்றே சதை நீக்காமல் வைத்துவிட்டாலோ சவ்வு சிவக்கும். வறுக்கும்போது உமியாக உதிர்ந்துவிடும், கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. தட்டு முழுக்கச் சிவப்பு என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு எடைக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டிகாஷனுக்கு வேண்டிய நடுத்தர வறுவலில் கிலோவுக்கு 820-லிருந்து 850 கிராம் வரை நிற்க வேண்டும். அதே நிறத்துக்கு வறுத்தும் 800-க்குக் கீழே போனால் சரக்கில் ஈரம் இருந்திருக்கிறது.

---

டிகாஷன் தாசன்:

நான் முதலிலேயே பீபெரி என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. 😄

---

ஜெயநகர் பில்டர்:

இந்தத் தடவை தாசன் ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்தது அந்தச் சரக்கு. அதே பெயரில் அடுத்த மாதம் வேறு மூட்டை வரும்.

வெளுத்த கொட்டை எல்லாம் பழசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மான்சூன்ட் மலபார் என்று ஒன்று உண்டு. மங்களூர்ப் பக்கம் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காற்று படும்படி செர்ரியைப் பரப்பி வைப்பார்கள். கொட்டை உப்பி வெளிர் மஞ்சளாகிவிடும், புளிப்பு அடங்கிவிடும். பையில் அந்தப் பெயர் இருந்தால் வெளுப்பு குறையல்ல. பெயர் இல்லாமல் வெளுத்திருந்தால் ஐயா சொன்னதுதான்.

---

உறையூர்க்காரி:

பீபெரி இரண்டு கிலோ, அதே ஆளிடம் ரொபஸ்டா பார்ச்மென்ட் ஏபி அரைக் கிலோ சொல்லிவிட்டேன். சாம்பிளும் சரக்கும் ஒன்றாக இருக்குமா என்று இப்போதே பயமாக இருக்கிறது.

---

குத்தூசி:

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆலையில் மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக அள்ளிப் பார்க்கவே விடமாட்டோம். குத்தூசியைச் சாக்கின் நடுவில், மேலே, கீழே என்று குத்தி எடுத்து மூன்றையும் கலந்துதான் சாம்பிள். உங்களுக்கு வருவது இரண்டு கிலோப் பை, அதனால் வேலை சுலபம். முழுவதையும் ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து, அதிலிருந்து நூறு கிராம் எடுத்துப் பழையபடி பொறுக்குங்கள். மிச்சம் வைத்திருக்கும் சாம்பிளைப் பக்கத்தில் வைத்து நிறத்தையும் வாசத்தையும் ஒத்துப் பாருங்கள். சாம்பிளைத் தீர வறுத்துவிடாதீர்கள், ஒரு பிடியாவது எப்போதும் கையில் இருக்க வேண்டும். சரக்கு வேறாக இருந்தால் இரண்டையும் ஒரே போட்டோவில் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வறுத்துவிட்ட பிறகு சொன்னால் எந்த வியாபாரியும் காதில் வாங்க மாட்டார்.

இன்னொன்று, உருளையில் போடும் முன்னால் மாமியாரிடம் முறத்தைக் கொடுத்து ஒரு தடவை புடைக்கச் சொல்லுங்கள். களத்தில் காய்ந்த சரக்கில் சின்னக் கல் கிடக்கும், கொட்டை நிறத்திலேயே இருக்கும். அது அரைக்கும் இயந்திரத்துக்குள் போனால் பல் போய்விடும்.